ஜூபிலேஷன் என்ற வார்த்தைக்கு ஒரு வாக்கியம்

விழிதியூர்,
9-6-1985

அன்புள்ள மருமகள் அல்லிக்கு, உன் மாமனார் பூமிநாதன் எழுதுவது.

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரி இடது பக்கம் நேராகத்தான் கிளம்புகிறது. வலது பக்கம் போய்ச் சேர்வதற்குள் சரிந்து இறங்கிவிடுகிறது. இரண்டு இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்துவிட்டது. மண்வெட்டி பிடிக்கிற பிடியில் பேனாவைப் பிடிக்கிறேன் என்று சுவாமிநாதன் சார் சொல்கிறார். இந்த ஒரு கடிதத்துக்குப் போன ஞாயிற்றுக்கிழமையும் போய், இந்த ஞாயிற்றுக்கிழமையும் போகிறது. ஆனால் இதில் உள்ள ஒவ்வொரு எழுத்தும் என் எழுத்து. யாரும் கை பிடிக்கவில்லை.

ஆமாம் அல்லி, எனக்கு எழுதப் படிக்க வந்துவிட்டது! நம் ஊர்ச் சங்கக் கட்டடத்தில் பொங்கலுக்குப் பிறகு முதியோர் வகுப்பு தொடங்கினார்கள். பொழுது சாய்ந்ததும் போவேன். சுவாமிநாதன் சார் பகலில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு, சாயங்காலம் எங்களுக்கு. தினம் ஒரு வார்த்தை கொடுத்து, வாக்கியத்தில் அமைத்து எழுதச் சொல்வார். இப்போது காரைக்கால் பஸ் போர்டைப் படிக்கிறேன். உர மூட்டையைப் படிக்கிறேன். மளிகை கட்டி வரும் காகிதத்தையும் விடுவதில்லை. உன் அத்தை பூவாயி, “எழுத்து கத்துக்கிட்டு எந்த ஆபீஸ்ல போயி ஒக்காரப் போறீங்க? மொதல்ல உப்பு பொட்டலத்தக் குடுங்க, ஒல கொதிக்குது” என்கிறாள்.

நம் நடராசன் காமாலையில் போய் நாலு வருஷம் ஆகிறது. அவன் சர்க்கார் வேலையை உனக்குக் கொடுத்தார்கள். பிறகு உன்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். நீ கிளம்பிய அன்று வீட்டில் உனக்கும் அத்தைக்கும் நடந்த பேச்சை இங்கே எழுதவில்லை. அதற்குப் பிறகு நீ போட்ட கார்டுகளைத் தபால்காரர்தான் படித்துக் காட்டினார். பதில் எழுத அடுத்தவர் கை வேண்டும். நம் வீட்டுப் பேச்சை அடுத்தவர் கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இரண்டு வருஷமாகப் பதில் இல்லை. வேறு காரணம் இல்லை.

இப்போது என் கை இருக்கிறது. நீ எழுது. கை வலிக்கிறது, நிறுத்துகிறேன்.

பூமிநாதன்

*

ஏனாம்,
19-6-1985

மாமாவுக்கு, அல்லி எழுதுவது.

உங்கள் கடிதம் வந்தது. உறையின் மேல் எழுத்தைப் பார்த்து யாரோ தெரியாதவர்கள் என்று நினைத்து, கையில் வைத்துக்கொண்டே ஆபீஸ் போய்விட்டேன். மத்தியானம் பிரித்தேன். சாப்பிடவில்லை. நல்ல செய்தி மாமா. இதற்கு மேல் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் கடிதம் எழுதும் பழக்கம் எனக்கும் போய்விட்டது.

நான் நலம். வெயில் அதிகம். சுற்றிலும் தெலுங்கு. கடையில் வாங்குவதற்குப் போதுமான தெலுங்கு வந்துவிட்டது, பேசுவதற்கு வரவில்லை. காலையில் எழுந்தால் ஆபீஸ், சாயங்காலம் அறை. ஆகஸ்ட்டில் இலாகா பரீட்சை இருக்கிறது. தேறினால் காரைக்காலுக்கு மாற்றல் கேட்கலாம் என்கிறார்கள். அதில் இங்கிலீஷ் ஒரு தாள். உங்கள் சார் கொடுப்பதைப் போலவே எங்களுக்கும் வார்த்தைகள் இருக்கின்றன. பொருள் எழுதி, சொந்த வாக்கியத்தில் அமைக்க வேண்டும்.

நேற்றைய வார்த்தை ஜூபிலேஷன். மிகுந்த மகிழ்ச்சி என்று பொருள். பொருளை எழுதிவிட்டேன். வாக்கியம் வரவில்லை. நெடுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டுப் படுத்தேன். இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. நீங்களும் வாக்கியம் அமைக்கிறீர்கள் என்பதால் இருக்கலாம்.

அத்தைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் கேட்டதாகச் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் வேண்டாம்.

அல்லி

*

விழிதியூர்,
30-6-1985

அன்புள்ள அல்லிக்கு,

உன் கடிதத்தை நானே படித்தேன்! வகுப்பில் எழுந்து நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, எல்லோரும் கேட்கப் படித்தேன். இனி எந்தக் கடிதம் வந்தாலும் வகுப்பில் படிப்பது எனக்குப் பாடம் என்று சார் சொல்லிவிட்டார். ‘ஜூ’ என்ற இடத்தில் மட்டும் தடுக்கிற்று. சார் எடுத்துக் கொடுத்தார்.

நீ வாக்கியம் எழுதாமல் விட்டது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. எங்கள் வகுப்பில் வெறுமையாக விட்டால் சார் விடமாட்டார். அதனால் உன் பாடத்தை நாங்கள் எடுத்துக்கொண்டோம். அந்த வார்த்தைக்கு ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும் என்று சார் சொன்னார். நான், “பூவாயி வைத்த கெளுத்திமீன் குழம்பைச் சாப்பிட்டு ஜூபிலேஷன் அடைந்தேன்” என்றேன். அது திருப்தி, இந்த வார்த்தை அதைவிடப் பெரியது என்று சார் தள்ளிவிட்டார். மேலத்தெரு லோகாம்பாள், “எம் மருமவ தாயி வீட்டுக்குப் பொறப்பட்டா எனக்கு அதான் சார் வருது” என்றாள். பெஞ்சு குலுங்கச் சிரித்தோம்.

அப்புறம் வீட்டுக்கு நடக்கும்போது எனக்கு ஒன்று வந்தது. நமக்குத் தண்ணீர் எல்லோருக்கும் கடைசியில்தான் வரும். மேலே திறந்து, ஊர் ஊராகக் குடித்து, மிச்சம் நம்மிடம் வரும். ஒரு வருஷம் வராது என்றே எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். திடீரென்று ஒருவன் வாய்க்கால் கரையோடு கத்திக்கொண்டே ஓடி வந்தான். தண்ணீர் அவனுக்குப் பின்னால், குப்பையும் நுரையுமாக, ஆள் நடக்கிற வேகத்தில் வந்தது. நாங்கள் எல்லோரும் அதோடு கூடவே நடந்தோம். பேசாத பங்காளிகள்கூடத் தோளில் கைபோட்டுக் கத்தினார்கள். ஏன் கத்துகிறோம் என்று தெரியாமலே நானும் கத்தினேன். இது ஆகுமா? ஆகும் என்றால், “கடைமடைக்குத் தண்ணீர் வந்த அன்று எங்கள் ஊரில் ஜூபிலேஷன் இருந்தது” என்று எழுதிக்கொள்.

முழங்காலைப் பற்றி அத்தையிடம் சொன்னேன். “அவளுக்கு எதுக்கு எங் காலு?” என்றாள். ஆனால் அதற்குப் பிறகு தைலம் தேய்க்கும்போது, “வேற என்ன எழுதியிருந்தா?” என்று கேட்டாள்.

பூமிநாதன்

*

ஏனாம்,
13-7-1985

மாமாவுக்கு,

உங்கள் வாக்கியத்தை இங்கிலீஷில் மாற்றி எழுதினேன். சரியாக இருக்கிறது. எங்கள் ஆபீஸில் பாலகுரு என்று ஒரு சீனியர் கிளார்க் இருக்கிறார். பாண்டிச்சேரிப் பக்கத்துப் பாகூர்க்காரர். மத்தியான இடைவேளையில் எங்கள் சிலருக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறார். அவரிடம் காட்டினேன். “இந்த வார்த்தைக்குள்ள நாலு பேர் வேணும், சத்தம் வேணும். ஒருத்தர் மட்டும் மனசுக்குள்ள சந்தோஷப்பட்டா அதுக்கு இந்த வார்த்தை வராது. உங்க மாமனார் புடிச்சுட்டாரே!” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு அன்று வாக்கியம் ஏன் வரவில்லை என்று புரிந்தது. நாலு வருஷமாக நான் இருக்கும் இடத்தில் சத்தம் இல்லை. கல்யாண வீட்டில் என்னைக் கூப்பிட்டால் சமையல் பக்கம் உட்கார்ந்துவிடுவேன். மேளம் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும். இதைக் குறையாகச் சொல்லவில்லை. பழகிவிட்டது.

மாமா, இனி வருவது வகுப்புக்கு இல்லை, உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். பாலகுருவுக்கு மனைவி தவறி ஆறு வருஷம் ஆகிறது. போன வாரம் அவர் என்னிடம், நான் சம்மதித்தால் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சரி என்று சொல்ல உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. எனக்கு அப்பா இல்லை. கோட்டுச்சேரியில் முத்தையன் அண்ணனைக் கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதனால் உங்களைக் கேட்கிறேன். நடராசனுக்கு அப்பாவாக இல்லாமல், எனக்கு அப்பாவாக இருந்து சொல்லுங்கள். நீங்கள் கூடாது என்றால் கூடாது.

அத்தையிடம் இப்போது சொல்ல வேண்டாம். சமயம் பார்த்து நீங்களே மெல்லச் சொல்லுங்கள்.

அல்லி

*

விழிதியூர்,
28-7-1985

அல்லிக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியாமல் ஒரு வாரம் போய்விட்டது. உன் கடிதத்தை வகுப்பில் படித்துவிட்டேன்.

எனக்கு வாய்விட்டுத்தான் படிக்க வரும். எழுத்தைக் கூட்டிக் கூட்டிச் சத்தமாகச் சொன்னால்தான் அது வார்த்தை ஆகிறது. என் காதில் விழுந்த பிறகுதான் நீ என்ன எழுதியிருக்கிறாய் என்று எனக்கே தெரியும். எனக்குத் தெரிந்தபோது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

உறையை வகுப்பில் போய்த்தான் பிரித்தேன். மேளம், சுவர் என்று நீ எழுதிய இடத்திலேயே லோகாம்பாளுக்கு ஏதோ புரிந்துவிட்டது. “அண்ணே, போதும்ண்ணே. மடிச்சு வைங்க” என்றாள். நான் கேட்கவில்லை. தடுக்காமல் போய்க்கொண்டிருந்தது, அந்தச் சந்தோஷத்தில் இருந்தேன். ‘உங்களுக்கு மட்டும்’ என்பதையும் சத்தமாகப் படித்தேன். ‘மறுமணம்’ என்பதைப் படித்தேன். பெரிய று, மூன்று சுழி ண, ஒன்றும் தப்பவில்லை. பாராட்டுவார் என்று நிமிர்ந்து சாரைப் பார்த்தேன். சார் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் அந்த வார்த்தை எனக்குள் போயிற்று.

நான் வீட்டுக்கு வருவதற்குள் செய்தி வந்துவிட்டது. பூவாயி முற்றத்தில் நின்றாள். “ஊரே கேட்ட பொறவு எங்கிட்ட என்ன சொல்லப் போறீங்க? அதையும் படிச்சுக் காட்டுங்க, கேக்குறேன்” என்றாள். அன்றிலிருந்து சோறு போடுகிறாள், பேசுவதில்லை. மறுநாள் உன் அண்ணன் முத்தையன் கோட்டுச்சேரியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து நின்றான். அவன் பேசியதை எழுத மாட்டேன்.

நீ என்னிடம் கேட்டதற்குப் பதில் எழுத இப்போது எனக்கு முகம் இல்லை.

பூமிநாதன்

*

ஏனாம்,
8-8-1985

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்துக்கு முன்னால் அண்ணன் கடிதம் வந்துவிட்டது. அதில் இருந்தவற்றை நானும் எழுத மாட்டேன்.

பாலகுருவிடம் முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை. இப்போது மத்தியானத்தில் இங்கிலீஷ் படிக்கவும் போவதில்லை. பரீட்சை அடுத்த வாரம். எழுதுவேன். தேறினாலும் காரைக்காலுக்கு மாற்றல் கேட்கப் போவதில்லை.

உங்கள் மேல் கோபம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கும் தெம்பு இல்லை. கோபப்பட்டால் பிறகு சமாதானம் ஆக வேண்டும், அது இன்னொரு வேலை. இரண்டு வருஷம் யாரும் எழுதாமல் இருந்தபோது எனக்கு ஒரு வழியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்படியே இருக்கட்டும்.

வகுப்பில் படிக்கக் கடிதம் வேண்டுமென்றால் இதைப் படியுங்கள்: நான் நலம். இங்கே மழை இல்லை. அல்லி.

*

விழிதியூர்,
25-8-1985

அல்லிக்கு,

நீ எழுத வேண்டாம் என்றாய். நான் எழுதுகிறேன். பிரிக்காமல் போட்டுவிடுவாயோ என்று பயமாகவும் இருக்கிறது.

இந்த ஒரு மாதமாக நான் வகுப்புக்குப் போகவில்லை. வயலுக்குப் போய், ஆள் இல்லாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு படிக்கப் பழகினேன். உதட்டைக் கையால் பிடித்துப் பார்த்தேன். தொண்டைக்குள் சத்தம் வந்தது. பிறகு வாயில் ஒரு மடக்குத் தண்ணீரை வைத்துக்கொண்டு படித்தேன். முதலில் இரண்டு வரிக்குள் விழுங்கிவிடுவேன், இல்லையென்றால் புரை ஏறும். அந்தப் பக்கம் போன லோகாம்பாள், “என்னண்ணே, பல் வலியா?” என்று கேட்டாள். நான் கன்னத்தை உப்பிக்கொண்டு தலையை ஆட்டினேன். இப்போது ஒரு பக்கம் முழுவதும் தண்ணீர் வாயில் நிற்கிறது.

அப்படி உன் ஜூலை மாதக் கடிதத்தைத் திரும்பப் படித்தேன். சத்தமாகப் படித்தபோது எனக்கு என் குரல்தான் கேட்டது. வாயை மூடிப் படித்தபோது உன் குரல் கேட்டது. நீ அடுப்படியில் நின்று மெதுவாகப் பேசுவாயே, அந்தக் குரல். “எனக்கு அப்பாவாக இருந்து சொல்லுங்கள்” என்று நீ எழுதியிருந்தாய். வகுப்பில் அதையும் படித்தேன், ஆனால் அது எனக்குக் கேட்கவே இல்லை.

இப்போது சொல்கிறேன். செய்துகொள். எனக்குச் சம்மதம். அவரிடம் போய், முன்பு சொன்னது ஊர்ச் சத்தத்துக்குச் சொன்ன பதில், என் பதில் இது என்று சொல்.

முத்தையன் மறுபடி வந்தான். “மருமவள இன்னொருத்தனுக்குக் கட்டிக்குடுக்கற மாமனார் எந்த ஊர்ல இருக்கான்?” என்று கேட்டான். “விழிதியூர்ல இருக்கான், பாத்துட்டுப் போ” என்றேன். “நான் கூடப்பொறந்தவன், எஞ் சொல்லுதான்” என்றான். “ரெண்டு வருசத்துல ஏனாம் எந்தத் தெசன்னு கேட்டியாடா?” என்றேன். அவன் டீ குடிக்காமல் போய்விட்டான். பேசி முடித்ததும் திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன். என் வயதுக்கு இது அதிகம். பூவாயி உள்ளே இருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

பூமிநாதன்

*

ஏனாம்,
10-9-1985

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் பிரிக்காமல் நாலு நாள் வைத்திருந்தேன். பிறகு பிரித்தேன். பல் வலி என்ற இடத்தில் சிரித்துவிட்டேன். பக்கத்து அறைப் பெண் எட்டிப் பார்த்தாள்.

நேற்று பாலகுருவிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. மறுபடி மனம் மாறிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. உங்கள் கடிதத்தையே கையில் கொடுத்தேன். அவர் வாயைத் திறக்காமல் படித்தார். பிறகு காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தை விரலால் தடவிப் பார்த்தார். “இவ்ளோ அழுத்தி எழுதியிருக்காரே, கை வலிச்சிருக்கும்” என்றார். அதோடு ஆபீஸ் மணி அடித்துவிட்டது. சம்மதம் என்று நான் வாயால் சொன்னேனா என்றுகூட நினைவில்லை.

ஐப்பசி பிறந்ததும் இங்கேயே ரிஜிஸ்டர் ஆபீஸில் செய்துகொள்வது என்று இருக்கிறோம். சாட்சிக்கு ஆபீஸ்காரர்கள் வருவார்கள். மேளம் வேண்டாம், பத்திரிகை வேண்டாம். பயந்து சொல்லவில்லை மாமா. களைத்துவிட்டது. மெதுவாக, சத்தமில்லாமல் நடந்தால் போதும் என்று இருக்கிறது. பரீட்சையில் நீங்கள் வாக்கியம் அமைத்த வார்த்தை வரவில்லை.

நீங்கள் வந்து நின்றால் எனக்கு வேறு யாரும் வேண்டாம். தூரம் அதிகம், ரயில் மாற வேண்டும். வர முடியாவிட்டாலும் வருத்தப்பட மாட்டேன். அத்தையிடம் இந்த முறை நீங்களே முதலில் சொல்லுங்கள்.

அல்லி

*

விழிதியூர்,
22-9-1985

அன்புள்ள அல்லிக்கு,

வருகிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

உன் கடிதத்தை வாய்க்கால் கரையில் வாயை மூடிப் படித்து முடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். பூவாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முறத்தை நிறுத்தவில்லை. சொல்லி முடித்ததும், “படிங்க” என்றாள். “எத?” என்றேன். “அவ எழுதுனதத்தான். நீங்க சொல்றது வேணாம்” என்றாள். முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மெல்லிய குரலில், அவளுக்கு மட்டும் கேட்கும்படி படித்தேன். அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

நான் முடித்ததும் முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். “எம் புள்ள நின்ன எடத்துல இன்னொருத்தன் நிக்கறத எங் கண்ணால பாக்க முடியாது. நான் வரல.” நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் அந்த இடம் வலிக்கிறது அல்லி, மறைத்து எழுத மாட்டேன். உன் பக்கத்தில் அவரைப் பார்க்கும்போது என் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்க்காதே, வந்திருக்கிறேன் என்பதை மட்டும் பார். அந்த இங்கிலீஷ் வார்த்தையை நம் வீட்டில் இப்போது எழுத முடியாது. ஒருத்தி முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிற வீட்டுக்கு அது ஆகாது. நீங்கள் இருவரும் எழுதிக்கொள்ளுங்கள், இன்றைக்கு இல்லாவிட்டால் பிறகு. இடத்தை வெறுமையாக விட்டாலும் பரவாயில்லை, அடித்துவிட வேண்டாம்.

மறுநாள் காலையில் பூவாயி தானாகவே பேச்சை எடுத்தாள். “ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டா சரியாப் போச்சா? தாரை வாத்துக் குடுக்க வேணாமா?” என்றாள். “அதுக்கு ரெண்டு பேரு வேணுமே. தகப்பன் கையப் புடிச்சுக் குடுக்கணும், தாயி தண்ணி ஊத்தணும். நீதான் வரலங்கிறியே” என்றேன். கொஞ்ச நேரம் குடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தண்ணிய இங்கேருந்து நான் ஊத்திக் குடுக்கறேன். அங்க போயி நீங்க அவ கையில விடுங்க. என் கைத் தண்ணின்னு சொல்லிடுங்க” என்றாள்.

அதனால் ரிஜிஸ்டர் ஆபீஸுக்குக் கிளம்பும் முன் உன் அறையில் ஒரு நிமிஷம் எனக்கு வேண்டும். நீயும் அவரும் கையை நீட்டினால் போதும். மேளம் இல்லை, பயப்படாதே.

இப்போது அந்தத் தண்ணீரைக் கொண்டுவரப் புட்டி தேடுகிறோம். காரைக்காலில் புட்டிக்கா பஞ்சம்! ஆனால் எதை எடுத்தாலும் சாராயப் புட்டியாக இருக்கிறது. சாம்பல் போட்டுக் கழுவிக் கொடுத்தேன், மோந்து பார்த்துவிட்டுத் தள்ளிவிட்டாள். லோகாம்பாள் மருந்துப் புட்டி கொண்டுவந்தாள், மூடி இறுக்கமில்லை என்று அதையும் திருப்பி அனுப்பிவிட்டாள். இன்று காலை என்னிடம் சொல்லாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு தெருக்கோடி வரை போய் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். இன்னும் கிடைக்கவில்லை.

எந்த ரயிலில் ஏறி எங்கே மாறுவது என்று சாரைக் கேட்டு, அடுத்த வாரம் எழுதுகிறேன். அதற்குள் அவள் ஒரு புட்டிக்குச் சம்மதித்திருப்பாள்.

உன் மாமனார்,
பூமிநாதன்